கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை: எந்த எண்ணைக் கூப்பிடுவது?

தமிழ்நாட்டில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போனில் மருத்துவ ஆலோசனை கேட்க வழிகள் நிறையவே இருக்கின்றன. அரசின் 104, வீடியோவில் டாக்டரிடம் பேச வைக்கும் இ-சஞ்சீவனி, ஊர் நர்சம்மாவின் செல்போன், குழந்தை டாக்டரின் வாட்ஸ்அப், காசு கட்டிப் பேசும் ஆப்கள், அவசரத்துக்கு 108. இவற்றில் எதைக் கூப்பிட்டாலும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேசுகிறவர் யார், அவரால் குழந்தையைப் பார்க்க முடியுமா, பார்த்த பிறகு அவரால் என்ன செய்ய முடியும் என்ற மூன்றிலும் ஒவ்வொன்றும் வேறு. எதை எப்போது கூப்பிடுவது என்பதைக் குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பகலிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட வேண்டும். நடுராத்திரியில் குழந்தை வீறிட்டு அழும்போது மாமியார் ஒரு எண்ணும் கணவர் ஒரு எண்ணும் சொன்னால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும்.

ஒப்பிடுவதற்கு முன்னால், ஆலோசனை கேட்டுக்கொண்டு நிற்கவே கூடாத நிலை எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறந்து இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு விதி வேறு. நம் நாட்டில் நர்சுகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் கற்றுத் தரப்படும் குழந்தைநல வழிகாட்டுதல், இந்த வயதுக்குச் சில அபாய அறிகுறிகளை வைத்திருக்கிறது. பால் குடிக்க முடியாமல் போவது, வலிப்பு, ஒரு நிமிடத்தில் 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி நன்றாக உள்ளே குழிவது, தொட்டு எழுப்பினால் மட்டும் அசைவது, அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 99.5 டிகிரி அல்லது அதற்கு மேல் காட்டுவது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: 95.9 டிகிரிக்குக் கீழே உடம்பு குளிர்ந்து போவதும் அபாயம்தான். பச்சைக் குழந்தைக்குக் கிருமித் தொற்று வந்தால் உடம்பு சூடாவதற்குப் பதில் சில்லிட்டுப் போகலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆலோசனை கேட்க வேண்டாம். கிளம்ப வேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

104-ஐத் தமிழ்நாடு அரசு 2013-ன் கடைசியில் தொடங்கியது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். இணைய வசதியுள்ள போன் தேவையில்லை, பட்டன் போன் போதும். முதலில் எடுப்பவர் டாக்டர் அல்ல, பயிற்சி பெற்ற ஆலோசகர். விஷயம் அவரைத் தாண்டியது என்றால் அங்கே பணியில் இருக்கும் மருத்துவரிடம் இணைப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் குறையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரவு ஒரு மணிக்கு ஒரு தாய்க்கு வரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் மருந்தே வேண்டாதவை. பால் குடித்ததும் கொஞ்சம் கக்குகிறது, மூன்று நாளாக மலம் போகவில்லை, தும்மிக்கொண்டே இருக்கிறது, விக்கல் நிற்கவில்லை. இதற்கெல்லாம் நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்ல ஒரு மனிதர் இருந்தால் போதும்.

நல்ல ஆலோசகரை அவர் கேட்கும் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் காய்ச்சல் என்று ஆரம்பித்தாலும் அவர் காய்ச்சலை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்பார். “எத்தனை மாசக் குழந்தைம்மா? பால் குடிக்குதா? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போச்சு? தூக்கினா முகத்தைப் பாக்குதா? அழுகை வழக்கமான அழுகையா, முனகலா?” பதற்றத்தில் இருக்கிறவருக்கு இது நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றும். உண்மையில் முடிவை எடுக்க வைப்பது இந்தப் பதில்கள்தான். 101 டிகிரி காய்ச்சலோடு பால் குடித்துவிட்டுச் சிரிக்கும் எட்டு மாதக் குழந்தையைவிட, 99 டிகிரியில் துவண்டு கிடக்கும் குழந்தை பற்றித்தான் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள்.

அடுத்து மருந்து. “வீட்டுல என்ன மருந்து இருக்கு?” என்று கேட்டால், “காய்ச்சல் மருந்து இருக்கு” என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளை எழுத்து விடாமல் படித்துச் சொல்ல வேண்டும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் வழக்கமாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொரு வகை 5 மில்லிக்கு 250. அதாவது அதே ஒரு மில்லியை எடுத்தாலும் ஒன்றில் 100, ஒன்றில் 25, ஒன்றில் 50. அக்கா வீட்டிலிருந்து வாங்கி வந்த சிரப்புக்குச் சொன்ன அளவை வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தில் ஊற்றிக் கொடுத்தால் நான்கு மடங்கு வரை உள்ளே போய்விடும். போன் ஆலோசனையில் நேரக்கூடிய தவறுகளில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கேட்பவரும் சொல்பவரும் ஒரே மருந்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள், அது வேறு மருந்தாக இருக்கும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது என்பதால் கடைசியாக எடை பார்த்த தடுப்பூசி அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உரை மருந்து கொடுத்தீர்களா, வசம்பு சுட்டு உரசினீர்களா, கிரைப் வாட்டர் கொடுத்தீர்களா, யாராவது தொக்கம் எடுத்தார்களா, மூக்கில் எண்ணெய் விட்டீர்களா. பாட்டி பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். கேட்டால் திட்டுவார்கள் என்ற பயமும் இருக்கும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் அது வேறு விதமான சளி, வேறு விதமான வைத்தியம். போனில் பேசுகிறவருக்குக் கண் கிடையாது. நீங்கள் சொல்லாததை அவரால் ஊகிக்க முடியாது.

104-ன் எல்லைகளும் தெரிந்திருக்க வேண்டும். இது எல்லா வயதினருக்கும் எல்லா விஷயத்துக்குமான பொது எண். அரசு மருத்துவமனை பற்றிய புகார்களும் இங்கேதான் வருகின்றன. ப்ளஸ் டூ, நீட் தேர்வு முடிவுகள் வரும் நாட்களில் மாணவர்களுக்கான மனநல ஆலோசனையும் இதன் வழியாகவே நடக்கிறது. மறுநாள் திரும்பக் கூப்பிட்டால் அதே ஆள் எடுக்க மாட்டார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். உங்கள் கையில் எந்தச் சீட்டும் மிஞ்சாது. அதனால் பேசும்போதே ஒரு நோட்டில் நேரம், சொன்ன அறிவுரை, எது நடந்தால் மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி விஷயத்தை அவர்களே சொல்லவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்: “எது வந்தா நான் உடனே கிளம்பணும்?” போன் ஆலோசனையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி வேறு இல்லை.

ஜப்பானில் குழந்தைகளுக்கென்றே ஹாஷ் 8000 என்று ஒரு எண் இருக்கிறது. இரவிலும் விடுமுறை நாட்களிலும், அதாவது குழந்தை டாக்டரின் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில், அழைப்பவர் இருக்கும் மாகாணத்தின் நர்சோ குழந்தை மருத்துவரோ பேசுவார். 2004-லிருந்து அங்கே இது நடக்கிறது. குழந்தை பிறப்பில் ஏறத்தாழ எல்லாமே மருத்துவமனையில் நடக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்ட நம் மாநிலத்தில், பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வந்த தாயின் இரவுகளுக்கும் அப்படி ஒரு தனி எண் வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். அதுவரை இரவுக்கு 104-தான் என் முதல் தேர்வு, இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்கு.

இ-சஞ்சீவனி வேறு வகை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் சேவை. 2019-ல் சிறு சுகாதார மையத்திலிருந்து பெரிய மருத்துவமனை டாக்டரிடம் பேசுவதற்காகத் தொடங்கியது. கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில், நோயாளி வீட்டிலிருந்தே நேராகப் பேசும் வசதியும் வந்தது. செல்போன் எண்ணைப் பதிந்து, ஓடிபி கொடுத்து, டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் டாக்டர் வீடியோவில் வருவார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். கட்டணம் இல்லை.

இதன் பலம் கண்தான். மூச்சுத் திணறலை வாயால் விவரிக்க முயன்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். “கர்ர் கர்ர்னு சத்தம் வருது” என்று சொன்னால் அது மூக்கடைப்பாகவும் இருக்கலாம், நுரையீரல் தொற்றாகவும் இருக்கலாம். வீடியோவில் குழந்தையின் சட்டையைக் கழற்றி, அழாமல் இருக்கும்போது, நெஞ்சும் வயிறும் தெரியும்படி முழுதாக ஒரு நிமிடம் காட்டினால் டாக்டர் மூச்சை எண்ணிவிடுவார். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50-ம் அதற்கு மேலும், ஒரு வயதைத் தாண்டினால் 40-ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு. தோலில் வரும் தடிப்பு, கண்ணில் பீளை, தொப்புளில் சிவப்பு, இவற்றுக்கும் வீடியோ நன்றாக உதவும்.

மஞ்சள் காமாலைக்கு மட்டும் கேமராவை நம்பாதீர்கள். எல்இடி பல்பு வெளிச்சத்தில் எல்லாக் குழந்தையும் ஒரு மாதிரித்தான் தெரியும், அதிலும் போனே நிறத்தை அழகாக்கிக் காட்டும். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலோ நேரில் போய் ரத்தப் பரிசோதனை செய்வதுதான் வழி. காலை வெயில் காட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது போனில் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

இ-சஞ்சீவனியில் நேரம் ஒரு தடை. நள்ளிரவில் டாக்டர் இருப்பார் என்று நம்பி இருக்க முடியாது. நெட் சிக்னல் வேண்டும். வருகிறவர் பொது மருத்துவரா, குழந்தை மருத்துவரா என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் இதை இரவு அவசரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று நாளாக இருக்கும் சளி, பால் பற்றாக்குறை, தோல் அரிப்பு, ஏற்கெனவே காட்டிய நோய்க்கு மறுபார்வை என்று நிதானமாகப் பேசக்கூடிய பகல் வேலைகளுக்கு இது அருமையான வசதி.

போனிலோ வீடியோவிலோ டாக்டர் என்ன மருந்து எழுதலாம் என்பதற்கு 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில் தெளிவான விதி இருக்கிறது. இது தெரியாமல்தான் பலர் டாக்டரோடு சண்டை போடுகிறார்கள். பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்ற பாதுகாப்பான மருந்துகளை வெறும் குரல் அழைப்பிலேயே சொல்லலாம். அதற்கு அடுத்த வகை மருந்துகளை முதல் தடவை பேசும் நோயாளிக்கு எழுத வீடியோ கட்டாயம். போதை தரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது. 16 வயது வரை உள்ளவர் என்றால் அடையாளம் உறுதியான ஒரு பெரியவர் உடனிருக்க வேண்டும். நேரில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் நினைத்தால் மருந்து எழுத மறுத்து நேரில் வரச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. எந்த ஆப்பாக இருந்தாலும் இதே விதிதான். அதனால் குழந்தையைப் பார்க்காமலே போனில் ஆன்டிபயாட்டிக் சொல்லும் டாக்டரைவிட, “நேர்ல கூட்டிட்டு வாங்க” என்கிற டாக்டரை நம்புங்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பர் என்பேன். நகரத்தில் என்றால் நகர்ப்புற சுகாதார செவிலியர். கர்ப்பம் பதிந்த நாளிலிருந்து உங்களைத் தெரிந்தவர். உங்கள் குழந்தை எத்தனை கிலோவில் பிறந்தது, குறைமாதமா, முதல் குழந்தைக்கு என்ன ஆனது என்பதெல்லாம் அவர் பதிவேட்டில் இருக்கிறது, பாதி அவர் மனதிலேயே இருக்கிறது. தாய் சேய் அட்டையில் அவருடைய பெயருக்கும் எண்ணுக்கும் இடம் விட்டிருப்பார்கள். பல வீடுகளில் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி என்றதும் புதன்கிழமை இரவு பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் புதன்தான் ஊசி நாள். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குப் பிறகு காய்ச்சலும் தொடையில் வீக்கமும் அழுகையும் வருவது சகஜம். பெரும்பாலும் அன்றே தொடங்கி ஓரிரு நாளில் அடங்கிவிடும். அன்று இரவு எழும் சந்தேகத்துக்கு, ஊசி போட்ட கையோடு உங்களிடம் மருந்தும் அளவும் சொல்லி அனுப்பிய அந்த நர்சம்மாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் ஆறு வாரக் குழந்தை என்றால் இரண்டு மாதம் ஆகாத குழந்தை என்பதை மறக்கக் கூடாது. இது ஊசிக் காய்ச்சல்தான் என்று வீட்டில் நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த வயதில் 99.5 டிகிரி அல்லது அதற்கு மேல் காட்டினால், முன்னால் சொன்ன விதிப்படி மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு மாதம் தாண்டிய குழந்தை என்றால் நர்சம்மாவிடம் பேசுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தாலோ மருத்துவமனைதான்.

நர்சம்மா ஒரு மனுஷி, கால் சென்டர் அல்ல. ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர் ஒருவர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பதிவேடு, வீட்டுப் பார்வை, முகாம், கூட்டம் என்று நாள் முழுக்க ஓடுகிறவர். இரவு இரண்டு மணிக்கு விக்கலுக்காக அவரை எழுப்புவது நியாயம் இல்லை. ஊசி போட்ட இரவைத் தவிர மற்ற நாட்களில் பகலில் அவர், இரவில் 104 என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. அதோடு, போனில் கேட்டுவிட்டு “சாயங்காலம் அந்தப் பக்கம் வரேன், பாத்துடறேன்” என்று சொல்லக்கூடியவர் இந்தப் பட்டியலிலேயே இவர் ஒருவர்தான். துணை சுகாதார நிலையத்திலிருந்தே இ-சஞ்சீவனி வழியாக டாக்டரிடம் இணைத்துப் பேச வைக்கவும் முடியும். வீட்டில் நெட் இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி.

குழந்தை டாக்டரின் வாட்ஸ்அப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் டாக்டர் எண் கொடுத்திருந்தால் அது பாக்கியம், அதை மதித்து நடந்துகொள்ளுங்கள். மெசேஜ் அனுப்புவதும் போனில் கூப்பிடுவதும் ஒன்றல்ல. இரவு பதினொன்றுக்கு மலத்தின் போட்டோவை அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே விடியும்வரை இருந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார், அவர்மேல் தவறே இல்லை. அவசரமில்லாததை மெசேஜில் அனுப்புங்கள், வயது, எடை, எத்தனை நாள், என்ன கொடுத்தோம் என்ற நான்கும் ஒரே மெசேஜில் இருக்கட்டும். அவசரம் என்றால் கூப்பிடுங்கள், எடுக்கவில்லை என்றால் அடுத்த வழிக்குப் போங்கள். காத்திருக்க வேண்டாம்.

காசு கட்டிப் பேசும் ஆப்களில் ஒரு நல்ல விஷயம், குழந்தை மருத்துவரையே தேர்ந்தெடுக்கலாம், இரவிலும் பல நேரம் யாராவது கிடைப்பார்கள். ஆனால் கிடைப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், தமிழ் தெரியுமா என்பதைக் காசு கட்டுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். குழந்தை விஷயத்தை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிப் புரிய வைப்பது ஆபத்து. வேறு ஊர் டாக்டருக்கு உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் குழந்தைகள் வார்டு எது என்றும் தெரியாது. தனியார் மருத்துவமனைகளின் ரிசப்ஷன் எண்ணை ஆலோசனை எண்ணாக நினைக்க வேண்டாம். அங்கே எடுப்பவர் பெரும்பாலும் மருத்துவப் பயிற்சி இல்லாதவர், “கூட்டிட்டு வாங்க, டாக்டர் பார்ப்பார்” என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியாது.

108 ஆலோசனை எண் அல்ல, ஆனாலும் இங்கே வந்தாக வேண்டும். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த இந்தச் சேவையைக் குழந்தைக்குக் கூப்பிடத் தயங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். விபத்துக்கும் நெஞ்சுவலிக்கும்தான் 108, காய்ச்சலுக்குக் கூப்பிட்டால் திட்டுவார்கள் என்ற எண்ணம். வலிப்பு, மூச்சுத் திணறல், உதடு நீலமாவது, எழுப்பினாலும் எழாமல் கிடப்பது, இவை எல்லாம் 108-க்கான விஷயங்கள். 104-க்குப் போட்டுக் கேட்டுவிட்டு 108-க்குப் போடலாம் என்று இருக்காதீர்கள். எடுத்ததும் நோயைச் சொல்வதற்கு முன் இடத்தைச் சொல்லுங்கள்: தெரு, பக்கத்துக் கோயில், ரேஷன் கடை, எந்த ரோட்டிலிருந்து திரும்ப வேண்டும். பச்சிளங்குழந்தைகளை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கென்றே வசதி செய்த தனி வண்டிகளும் 108-ல் உண்டு.

102 என்பது வேறு. பிரசவம் முடிந்து தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டு விடும் வண்டிக்கான எண். இதையும் 108-ஐயும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம் என்பது ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் வரும் உரிமை. காசு இல்லையே என்று விடியும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

தவழ ஆரம்பித்த குழந்தை வீட்டில் இருந்தால் இன்னொரு எண்ணும் வேண்டும். டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையம், 1800 116 117, இரவு பகலாக இயங்கும். பூஜை அறையில் கற்பூரம், அடுப்படியில் மண்ணெண்ணெய், கொசு விரட்டி திரவம், ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரி. கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், அதுவும் சில நிமிடங்களில். எதை விழுங்கியிருந்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போனால் நிலைமை மோசமாகிவிடும். டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், போகும் வழியில் போனில் பேசலாம். அங்கே தமிழில் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சிகிச்சை தரும் டாக்டரிடமே இந்த எண்ணைக் கொடுத்தால் அவரும் பேசிக்கொள்வார்.

குழந்தைக்காகக் கூப்பிடும் தாய்க்கே உதவி தேவைப்படும் இரவுகளும் உண்டு. குழந்தைக்கு ஒன்றும் இல்லை, பால் குடிக்கிறது, தூங்குகிறது, ஆனாலும் ஏதோ ஆகிவிடும் என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கிறாள், காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்கிறாள். இதைப் பிடிவாதம் என்றோ காற்று சேஷ்டை என்றோ தள்ளிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு வைத்தியம் உள்ள நோய். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி மானஸ், 14416, இதற்கான இலவச எண். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அவளே கூப்பிடும் நிலையில் இல்லையென்றால் கணவரோ அம்மாவோ கூப்பிடலாம். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்று சொன்னாலோ தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பது வீட்டைப் பார்த்துத்தான். சென்னையில் இருவர் மட்டும் வேலைக்குப் போய்க் குழந்தை வளர்க்கும் வீட்டில், பகலில் சொந்த டாக்டர் அல்லது இ-சஞ்சீவனி, இரவில் 104, அதோடு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வீட்டிலிருந்து எந்த வழியாகப் போவது என்பதும் தெரிந்திருந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையம் உள்ள ஊரில் நர்சம்மாதான் முதல் ஆள். பெங்களூரிலோ மும்பையிலோ இருக்கும் தமிழ்க் குடும்பம் 104 எங்கும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைக்கக் கூடாது. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு சேவை. அங்கே போனதும் அந்த ஊரின் நிலவரத்தை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு நாடு முழுக்க 112 உண்டு.

ஜவ்வாது மலை, கல்வராயன் மலை மாதிரி சிக்னல் ஒரு பாறைமேல் ஏறினால்தான் கிடைக்கும் ஊர்களில் போன் சேவைகளை ஒப்பிட்டே பயனில்லை. அங்கே ஊரிலேயே இருக்கும் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளர்தான் எல்லாம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வேலை. எடை பார்ப்பார், வெப்பம் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், பால் கொடுக்கும் விதத்தைப் பார்ப்பார். அந்த ஆறு வரவில் ஒன்று தவறினாலும் கேட்டு வாங்குங்கள். மூச்சை எப்படி எண்ணுவது என்று அவரிடமே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அவர் முன்னாலேயே நீங்களும் எண்ணிப் பாருங்கள். எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே, வண்டி வரும் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொஞ்ச நாள் போய் இருப்பது பற்றியும் அவரிடம் பேசி வையுங்கள்.